மருத்துநீர்ப் பாத்தி: படுவான்கரைப் பாடசாலைத் தோட்டம் ஒன்றின் ஆறு ஆண்டுகள்

2018 பங்குனியில் ஒரு நாள், தரம் 4 வகுப்பில் சித்திரைப் புத்தாண்டுப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். மருத்துநீரில் என்னென்ன சேரும் என்று கேட்டேன். பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "போத்தல் ரீச்சர்" என்றான். வகுப்பில் யாரும் சிரிக்கவில்லை. கோயிலில் ஐயர் போத்தலில் ஊற்றித் தருவதைத்தான் அவர்கள் எல்லோரும் ஆண்டுதோறும் கண்டிருக்கிறார்கள். புத்தாண்டுக் காலையில் வீட்டில் மூத்தவர் ஒருவர் உச்சியில் ஓர் இலையும் காலடியில் ஓர் இலையும் வைத்து, அந்த நீரைத் தலையில் தேய்த்து முழுகவைப்பார். அது அவர்களுக்குத் தெரியும். அந்த நீர் எதனால் ஆனது என்பதுதான் தெரியாது.

மறுநாள் பஞ்சாங்கத்தைக் கொண்டுபோய் வாசித்துக் காட்டினேன். தாழம்பூ, தாமரைப்பூ, மாதுளம்பூ, துளசி, விஷ்ணுகிராந்தி, சீதேவியார் செங்கழுநீர், வில்வம், அறுகு, பீர்க்கு, பால், கோசலம், கோமயம், கோரோசனை, மஞ்சள், மிளகு, சுக்கு. பாலும் கோசலமும் கோமயமும் மாட்டுப்பட்டியில் கிடைக்கும். மிளகும் சுக்கும் கடையில் வாங்குபவை. மற்றவற்றில் பெரும்பாலானவை எங்கள் மண்ணில் முளைப்பவை. அவற்றில் எத்தனையைக் கண்டிருக்கிறீர்கள் என்று கேட்டபோது துளசி, மாதுளை, தாமரை மூன்றுக்கும் எல்லாக் கைகளும் உயர்ந்தன. பீர்க்குக்குப் பாதிக் கைகள். விஷ்ணுகிராந்திக்கு ஒன்றுமில்லை. அந்தப் பெயருள்ள செடியை நானும் அதுவரை தேடிப் பார்த்ததில்லை.

பாடசாலைத் தோட்டத்துக்குப் பொறுப்பாசிரியராக இருந்த எனக்கு அந்தப் பட்டியல் ஒரு திட்டமாகத் தெரிந்தது. அதற்கு முந்தைய வருடம் அதே நிலத்தில் நாங்கள் போட்ட தோட்டம் கருகிப்போயிருந்தது.

ஊரும் வளவும்

மட்டக்களப்பு வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. அதன் கடற்பக்கம் எழுவான்கரை. பொழுது படும் மேற்குப் பக்கம் படுவான்கரை. எங்கள் பாடசாலை படுவான்கரையில், வட்டைகள் எனப்படும் நெல்வயல் வெளிகளுக்கு நடுவே இருக்கிறது. தரம் 1 முதல் 5 வரைதான் வகுப்புகள். பெற்றோரில் பெரும்பாலானோர் வேளாண்மை செய்கிறவர்கள். வேளாண்மை என்றால் இங்கே நெல்தான். சில பிள்ளைகளின் அம்மாமார் மத்திய கிழக்கில் வேலை செய்கிறார்கள். அந்தப் பிள்ளைகள் அம்மம்மாவிடம் வளர்கிறார்கள்.

மழை ஆண்டுக்கு ஏறத்தாழ 1,700 மில்லிமீற்றர் பெய்தாலும், அதில் பெரும்பகுதி ஐப்பசி தொடங்கித் தை வரையான மாரியில் கொட்டித் தீர்ந்துவிடும். வைகாசியிலிருந்து கச்சான் காற்று. மேற்கே மலைகளின் மறுபுறத்தில் மழையை இறக்கிவிட்டு, வெறும் வெக்கையாக எங்கள் பக்கம் வந்து சேரும் காற்று அது. காலையில் ஊற்றிய தண்ணீர் பத்து மணிக்குள் காய்ந்துவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்தவற்றுக்கு இதுவே திறவுகோல். மட்டக்களப்புத் தமிழரிடையே குடி எனப்படும் குலப்பிரிவு தாய்வழியாக வருகிறது. மகளுக்குக் கல்யாணம் என்றால் வீடும் வளவும் அவளுக்கே எழுதப்படும். மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து குடியிருப்பார். ஆகவே கிணற்றடி மாமரத்தை நட்டது யார் என்று கேட்டால், "அம்மம்மாவின் அம்மா" என்று பதில் வரும். கறிவேப்பிலையும் முருங்கையும் மட்டுமல்ல, எந்த விதையை எந்த மழைக்குப் போடுவது என்ற கணக்கும் அதே வழியில்தான் கைமாறி வந்திருக்கிறது.

அந்த வழி பலமுறை அறுந்தது. 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மாவட்டத்தின் தென்னந்தோப்புகளில் பெரும்பகுதியைச் சாய்த்தது. பிறகு போர்க்கால இடம்பெயர்வுகள். 2007இல் படுவான்கரைச் சனங்கள் பெருந்திரளாக வாவியைத் தாண்டி எழுவான்கரை முகாம்களுக்குப் போனார்கள். திரும்பி வந்தபோது வீட்டுக்கூரை இல்லாதவர்களுக்கு அடுப்புக்கு மேலே தொங்கவிட்ட விதைச் சோளன் மட்டும் எப்படி மிஞ்சியிருக்கும்? வீட்டுத்திட்டங்கள் வந்தன, கிணறுகள் துப்புரவாக்கப்பட்டன. விதை கடையிலிருந்து வரத் தொடங்கியது.

2017: போட்டிக்குப் போட்ட தோட்டம்

பாடசாலைத் தோட்டம் இலங்கைக்குப் புதியதல்ல. 1900களின் முதல் ஆண்டுகளிலேயே பேராதனைப் பூங்காவின் துணையோடு கிராமப் பாடசாலைகளில் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. அவற்றுக்கென்று சார்ள்ஸ் டிறீபேர்க் என்ற மேற்பார்வையாளரும் இருந்தார். பாடசாலை வளவில் பிள்ளைகள் கற்பதை வீட்டு வளவுக்குக் கொண்டுபோவார்கள் என்பதே அப்போதைய எண்ணம். அறிவு பாடசாலையிலிருந்து வீட்டுக்குப் போகும் என்ற அந்த ஒருவழிப் பாதையை நூறு வருடத்துக்குப் பிறகும் நாங்கள் அப்படியே வைத்திருந்தோம்.

2017 வைகாசியில் தோட்டப் போட்டி ஒன்று அறிவிக்கப்பட்டது. நாங்கள் பழைய ரயர்களுக்கு வர்ணம் பூசினோம். கடையில் வாங்கிய தக்காளி, கறிமிளகாய், கத்தரிக் கன்றுகளை நட்டோம். ஒவ்வொன்றுக்கும் பெயர்ப்பலகை வைத்தோம். அப்பாமார் வந்து முள்ளுக்கம்பி வேலி அடித்துத் தந்தார்கள். நடுவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள், சான்றிதழும் கிடைத்தது. ஆவணி விடுமுறை முடிந்து பாடசாலை திறந்தபோது ரயர்களில் மண் வெடித்துக் கிடந்தது. பெயர்ப்பலகைகள் மட்டும் நேராக நின்றன. நாடு முழுவதும் வரட்சி நிலவிய வருடம் என்று காரணம் சொல்லலாம், அது உண்மையும்கூட. ஆனால் பேத்தியைக் கூட்டிப்போக வந்த ஓர் அம்மம்மா வேலிக்கு வெளியே நின்று கேட்ட கேள்விக்கு அது பதிலாகாது. "கச்சான் வீசுகிற காலத்தில் யாராவது கன்று வைப்பார்களா, மகள்?" ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்த ஒன்றை எங்களிடம் யாரும் சொல்லவில்லை. நாங்கள் கேட்கவில்லை என்பதே சரி.

அம்மம்மாமார் வந்தார்கள்

2018இல் மூன்று விடயங்களை மாற்றினோம். தோட்டத்தை வைகாசியிலிருந்து ஐப்பசிக்குத் தள்ளினோம். வருடத்தின் மூன்றாம் தவணை தொடங்கிச் சில வாரங்களில் மாரி மழையும் தொடங்கிவிடும், அதை ஏன் முன்பே பயன்படுத்தவில்லை என்று இன்றும் வருந்துகிறேன். ரயர்களை அகற்றி, மழைநீர் நிற்காதபடி மேட்டுப்பாத்தி கட்டினோம். மூன்றாவது, பெற்றோர் கூட்டத்துக்கு அனுப்பும் கடிதத்தை முதல் தடவையாக அம்மம்மாமாருக்கு அனுப்பினோம். புதன்கிழமை கடைசிப் பாடவேளைக்கு ஏழு பேர் வந்தார்கள். வெற்றிலை போட்டபடி வகுப்புக்குள் வரத் தயங்கி, பூவரச மரத்தடியில் உட்கார்ந்துகொண்டார்கள். வகுப்பு அங்கேயே நடந்தது.

அன்று நடந்த ஒன்றை விரிவாக எழுத வேண்டும். ஏழு பேரில் மிக மூத்தவர் முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே சாயம்போன சீலைத்துண்டு, அதற்குள் சாம்பலில் புரட்டிய பூசணி விதைகள். பையன் ஒருவனின் உள்ளங்கையை விரிக்கச் சொல்லி மூன்று விதைகளை எண்ணி வைத்தார். சாம்பலை ஊதிவிடச் சொன்னார். விரலால் தடவிப் பார், ஒரு பக்கம் கூராக இருக்கிறதா, அந்தப் பக்கம் கீழே போக வேண்டும் என்றார். குழி ஒரு முழம். மாட்டெரு, சருகு, அடுப்புச் சாம்பல், மேல்மண். பையன் விதையை ஊன்றியதும் மண்ணை அழுத்தப் போனான். "அமத்தாதே மகன், அதற்கு மூச்சு வேண்டும்" என்று கையைத் தட்டிவிட்டார்.

2007இல் ஊரைவிட்டு ஓடும்போது அவர் கையில் கொண்டுபோனவை அடையாள அட்டை, பங்கீட்டு அட்டை, இந்தச் சீலை முடிச்சு. முகாமில் கூடாரத்துக்கு அருகே ஒரு கொடி ஏற்றி, காய்த்து, மறுபடியும் விதை எடுத்து முடிந்து வைத்திருக்கிறார். தட்டையான அடியும் ஆழமான வரிகளும் உள்ள அந்தப் பூசணி அவருடைய அம்மா வைத்திருந்தது. அவரே அதற்குப் பெயர் எதுவும் சொல்லவில்லை. பிள்ளைகள் அதற்கு "முடிச்சுப் பூசணி" என்று பெயர் வைத்தார்கள், இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள்.

மற்றவர்களும் கொண்டுவந்தார்கள். கொடியிலேயே முற்றவிட்ட பீர்க்கங்காயின் கூட்டுக்குள் குலுங்கும் கறுப்பு விதை, சாணத்தில் பதித்துச் சுவரில் காயவைத்த பாவல் விதை, தொலியை முடிச்சாகக் கட்டி அடுப்புப் புகையில் தொங்கவிட்ட சோளன் பொத்தி. ஆடாதோடையையும் நொச்சியையும் வேலியோரம் நெருக்கமாக நடச் சொன்னதும் அவர்கள்தான். ஆடு அவற்றைத் தின்னாது. அடுத்த வருடத்துக்குள் அந்த உயிர்வேலி முள்ளுக்கம்பியைவிட நன்றாகக் காவல் காத்தது. இருமல் வந்தால் ஆடாதோடை இலை பறிக்க ஊரார் வரத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

அந்த மாரியில் சோளன் தப்பவில்லை. 2018 இறுதியில் நாட்டின் பல மாவட்டங்களில் பரவிய படைப்புழு எங்கள் பாத்திக்கும் வந்தது. குருத்துக்குள் மரத்தூள்போல எச்சம் கிடந்தால் உள்ளே புழு இருக்கிறது என்று பிள்ளைகள் கண்டுபிடித்தார்கள். கையால் பொறுக்கினார்கள், குருத்தில் சாம்பலும் மணலும் தூவினார்கள். சில பொத்திகள் மிஞ்சின. இந்தப் புழுவை அம்மம்மாமாரும் முன்பு கண்டதில்லை. அவர்களும் பிள்ளைகளோடு குனிந்து நின்று பொறுக்கினார்கள்.

நீலப் பூ

மருத்துநீர்ப் பாத்திக்கு வில்வங்கன்று, துளசி, மாதுளை, மஞ்சள், அறுகு எல்லாம் சேர்ந்துவிட்டன. தாமரைக்கு ஊர்க்குளம் இருக்கிறது. விஷ்ணுகிராந்தி மட்டும் கிடைக்கவில்லை. 2019 தைப்பொங்கல் கழிந்த ஒரு காலை, தரம் 3 பிள்ளை ஒருத்தி விளையாட்டு முற்றத்தில் குப்புறப் படுத்திருந்தாள். விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். அவள் புல்லுக்குள் ஒரு பூவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சுண்டுவிரல் நகத்தின் அளவு. வானத்தின் நீலம், நடுவில் வெள்ளைப் பொட்டு. தரையோடு படர்ந்த மெல்லிய தண்டு, பட்டுப்போன்ற மயிர் படிந்த சிற்றிலைகள். அன்று புதன்கிழமை இல்லாவிட்டாலும் ஆளனுப்பி ஓர் அம்மம்மாவை அழைத்தோம். அவர் பார்த்ததும், "இதைத்தானே நீங்கள் ஒவ்வொரு சிரமதானத்திலும் செதுக்கி எறிகிறீர்கள்" என்றார்.

மதியம் பிள்ளைகள் மறுபடி ஓடிப்போய்ப் பார்த்தபோது பூ மூடிக்கிடந்தது. காலையில் மட்டும் விரிகிற பூ அது. அந்த மூலையைச் சுற்றிக் கல் அடுக்கினோம். சிரமதானத்தின்போது மண்வெட்டி அந்தக் கல்லைத் தாண்டக்கூடாது என்பதைப் பிள்ளைகளே விதியாக்கினார்கள். வீட்டில் அப்பாமாருக்கும் சொல்லிவைத்தார்கள்.

சீதேவியார் செங்கழுநீர் விடயத்தில் இரண்டு அம்மம்மாமார் இரண்டு வேறு செடிகளைக் காட்டினார்கள். இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. விதைப் பதிவேட்டில் இரண்டையும் படம் வரைந்து, யார் சொன்னது என்று கீழே எழுதிவைத்தோம். ஒருவரைச் சரியென்றும் மற்றவரைப் பிழையென்றும் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையில்லை என்று நினைத்தேன். இரண்டு குடும்பங்களிலும் அந்தந்தச் செடியே மருத்துநீரில் சேர்ந்து வந்திருக்கிறது.

ஊர்ப் பெயரில் மரம்

பதிவேட்டு வேலை சுற்றாடல் பாடத்தோடு இயல்பாகப் பொருந்தியது. வரைபடத்தை விரித்து, பெயரில் மரமுள்ள ஊர்களைத் தேடச் சொன்னேன். புளியந்தீவு, நாவற்குடா, தாழங்குடா, ஈச்சந்தீவு, இலுப்படிச்சேனை என்று பிள்ளைகள் கூவிக்கொண்டே போனார்கள். அம்பாறைப் பக்கம் இறங்கியதும் மருதமுனை, ஆலையடிவேம்பு, பனங்காடு, காஞ்சிரங்குடா. கடைசியில் ஒருவன் எங்களுக்கு மிக அருகில் இருப்பதைச் சொன்னான்: கொக்கட்டிச்சோலை. தான்தோன்றீஸ்வரர் கோயில் தேருக்கு எல்லாப் பிள்ளைகளும் போயிருக்கிறார்கள். கொக்கட்டி மரத்தடியில் லிங்கம் தானாகத் தோன்றியது என்ற ஐதீகத்தையும் கேட்டிருக்கிறார்கள். ஆனால் "கொக்கட்டி இலை எப்படி இருக்கும்?" என்ற கேள்விக்கு வகுப்பில் ஒருவரிடமும் பதிலில்லை. அந்தக் கேள்வியை வீட்டுவேலையாகக் கொடுத்தேன். மறுநாள் மூன்று பிள்ளைகள் வாடிய கிளைகளோடு வந்தார்கள்.

உடன்படாத இடங்கள்

தாழைக்குப் பாம்பு வரும் என்று பெற்றோர் எதிர்த்தார்கள். தாழம்புதருக்குள் பாம்பு பதுங்குவதை வயலில் கண்டவர்களின் பயம் அது, அதைத் தள்ளிவிட முடியாது. வாய்க்காலோரம், பாடசாலை எல்லைக்கு வெளியே நட்டோம்.

துடக்கு நாட்களில் பெண்கள் கொடியைத் தொட்டால் பட்டுப்போகும் என்று ஓர் அம்மம்மா பிள்ளைகள் முன்னிலையில் சொன்னார். அவரை எனக்கு மிகவும் பிடிக்கும். இருந்தாலும் அன்று மாலை அவருடைய வீட்டுக்குப் போய், இதை மட்டும் வகுப்பில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். ஐந்தாம் தரத்துப் பெண் பிள்ளை ஒருத்தி மறுவாரமே பாத்திக்கு வரத் தயங்கியதைக் கண்டேன். மரபில் வந்ததெல்லாம் கையளிக்க வேண்டியது என்று நான் நினைக்கவில்லை. அம்மம்மா சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு அடுத்த புதனுக்கும் வந்தார்.

புலமைப்பரிசில் பரீட்சைதான் பெரிய தடை. தரம் 5 பெற்றோர், பிள்ளைகளை மண்வெட்டி பிடிக்க விடாதீர்கள் என்றார்கள். தரம் 3, 4 பிள்ளைகள் பாத்தியில் நிற்க, தரம் 5 பிள்ளைகள் பதிவேடு எழுதுவது என்று சமரசம் செய்தோம். அது அவர்களின் கட்டுரைக்கு உதவியது, ஆனாலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. பத்து வயதுப் பிள்ளைக்கு மண்ணில் கைவைக்க வாரத்தில் அரைமணி நேரம்கூட இல்லையென்றால் அதை நாங்கள்தான் திருத்த வேண்டும்.

கத்தோலிக்கக் குடும்பங்களைச் சேர்ந்த பிள்ளைகளுக்கு இது கோயில் தோட்டமாகத் தோன்றிவிடக்கூடாது என்ற கவலை அதிபருக்கு இருந்தது. குருத்தோலை ஞாயிறு பல ஆண்டுகளில் புத்தாண்டையொட்டி வருவதால் அதற்கு வழி பிறந்தது. பாடசாலைத் தென்னையில் எடுத்த ஒரே குருத்தில் தோரணமும் பின்னப்பட்டது, சிலுவையும் பின்னப்பட்டது.

இரண்டு சித்திரைகள்

2019 முதலாம் தவணையின் கடைசி நாள், ஒவ்வொரு பிள்ளையும் வாழைநாரில் கட்டிய ஒரு சிறு பொட்டலத்தோடு வீட்டுக்குப் போனது. துளசி, வில்வம், அறுகு, பீர்க்கிலை, ஒரு துண்டு மஞ்சள், நாலே நாலு விஷ்ணுகிராந்தித் தளிர். அந்த வருடம் பல வீடுகளில் மருத்துநீர் அடுப்பில் காய்ந்தது.

புத்தாண்டு கழிந்து ஒரு வாரத்தில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்கள். மட்டக்களப்பு நகரில் சீயோன் தேவாலயத்தில் இறந்தவர்களில் பிள்ளைகளும் இருந்தார்கள். பாடசாலைகள் மீண்டும் திறந்தபோது பெற்றோர் வாசலில் காவல் நின்று, வளாகத்தைச் சோதித்த பிறகே பிள்ளைகளை உள்ளே விட்டார்கள். மறைவு தரும் செடிகள் எல்லாம் வெட்டப்பட்டன. உயிர்வேலியும் வில்வமும் அதில் போயின. நானும் கத்தி பிடித்தேன். அந்த நாட்களில் வேறு எதையும் நினைக்க முடியவில்லை. ஐப்பசி மழைக்கு ஆடாதோடை அடியிலிருந்து துளிர்த்தது. வில்வம் துளிர்க்க மார்கழி ஆனது.

2020 பங்குனியில் கொரோனாவால் பாடசாலைகள் மூடப்பட்டன, ஊரடங்கு வந்தது. புத்தாண்டுக்குக் கோயிலில் மருத்துநீர் வாங்கப் போக முடியாது, பட்டணத்துக்கும் போக முடியாது. பாடசாலைக்கு அடுத்த வளவில் இருந்தவர்கள் வேலியோரம் இலை பறித்து, வீட்டுக்கு வீடு கைமாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். தொலைபேசியில் என்னிடம் இதைச் சொன்னது, 2018இல் "போத்தல்" என்று பதில் சொன்ன அதே பையன். எந்த இலையை எவ்வளவு போடுவது என்று அவன்தான் பெரியம்மாவுக்குச் சொல்லிக் கொடுத்தானாம்.

2022இல் பொருட்கள் தட்டுப்பாடானபோது அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டுத்தோட்டம் செய்ய விடுப்புக் கொடுத்தார்கள். எரிபொருள் இல்லாமல் பாடசாலையும் பல நாட்கள் இயங்கவில்லை. அந்த வருடம் எங்கள் பாத்திகளில் மரவள்ளியும் முருங்கையும் பொன்னாங்காணியும்தான் அதிகம். மருத்துநீர்ப் பாத்தியை ஒரு முழம் சுருக்கினோம். அதில் எனக்கு வருத்தமில்லை.

முடிச்சு

முடிச்சுப் பூசணி கொண்டுவந்த அம்மம்மா 2021இல் காலமானார். அவருடைய மகள் வெளிநாட்டிலிருந்து வர முடியவில்லை. பேத்தி அப்போது தரம் 4. வளவு அந்தப் பிள்ளைக்கு என்று அம்மம்மா முன்பே எழுதிவைத்திருந்தார்.

2023 மாரியில் யானைகள் அந்த வளவுக்குள் இறங்கின. வாழை, தென்னங்கன்று, வேலியில் படர்ந்திருந்த பூசணிக்கொடி எல்லாம் மிதிபட்டன. விதைக்கென்று விட்டிருந்த காயும் போய்விட்டது. அப்போது வேறு பாடசாலையில் தரம் 6 படித்துக்கொண்டிருந்த பிள்ளை, இரண்டு நாள் கழித்து எங்களிடம் வந்தாள். அலுமாரியில் பழைய குளிசைப் போத்தல்களில் விதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் விதையின் பெயர், எடுத்த மாதம், கொண்டுவந்தவரின் பெயர். அவள் போத்தல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தான் தரம் 1இல் இருந்தபோது யாரோ ஒரு தரம் 5 பிள்ளை உருண்டை எழுத்தில் எழுதியிருந்த தன் அம்மம்மாவின் பெயரைக் கண்டுபிடித்தாள். உள்ளங்கையில் சாம்பலோடு கொட்டினேன். அவள் மூன்று விதைகளை எண்ணி எடுத்துக்கொண்டு, மற்றவற்றைப் போத்தலுக்குள் திருப்பிப் போட்டாள். பிறகு கைக்குட்டையின் மூலையில் அந்த மூன்றையும் வைத்து முடிந்தாள்.